நமக்கு நாமே எழுதும் தேர்ச்சி அறிக்கை

தவணைதோறும் பாடசாலைகளில் மாணவருக்குத் தேர்ச்சி அறிக்கை வழங்குகின்றோம். சென்ற ஆண்டு அவற்றிற் கையொப்பமிட்டுக்கொண்டிருந்தபொழுது, எட்டாந் தரத்து மாணவன் ஒருவன் என் மேசையருகே வந்து நின்றான். அவனுடைய அறிக்கையில், "வாசிப்பிற் கவனம் போதாது" என்று எழுதப்பட்டிருந்தது. "சேர், நான் என்ன புத்தகம் வாசிக்க வேணும்? நீங்கள் இப்ப என்ன வாசிக்கிறீங்கள்?" என்று அவன் கேட்டான். கேள்வியிற் கள்ளமில்லை. நானோ ஒரு நூலின் பெயரைச் சொல்லி அவனை அனுப்பிவிட்டேன். அது பல்கலைக்கழகத்தில், முப்பது ஆண்டுகளுக்கு முன்னர் நான் வாசித்த நூல்!

அன்றிரவு எனக்கு நித்திரை வரவில்லை. அவ்வாண்டு தை பிறந்தபோது இரண்டு விரதங்கள் பூண்டிருந்தேன். நாள்தோறும் விடியலில் இரண்டு மைல் நடத்தல் ஒன்று; மாதம் ஒரு நூலேனும் வாசித்தல் மற்றொன்று. இரண்டையும் ஓரளவு காத்து வருவதாகவே என் எண்ணம். எழுந்து சென்று தையில் எடுத்த நூலைப் பார்த்தேன். அடையாளத் தாள் நாற்பதாம் பக்கத்திலேயே இருந்தது. எண்ணம் வேறு, கணக்கு வேறு என்பதை அப்பொழுதுதான் உணர்ந்தேன்.

உயரம் பாய்தலைப் பாருங்கள். அங்கே குறுக்குத் தடி பொய் சொல்லாது. ஒன்றில் நிற்கும், அல்லது விழும். யாழ்ப்பாணம் மத்திய கல்லூரியிற் பயின்ற நாகலிங்கம் எதிர்வீரசிங்கம் அவர்கள் 1952 இல் ஹெல்சிங்கி ஒலிம்பிக்கிலும், 1956 இல் மெல்பேர்ண் ஒலிம்பிக்கிலும் பங்குபற்றினார். 1958 இல் டோக்கியோ ஆசிய விளையாட்டுப் போட்டியில் 2.03 மீற்றர் பாய்ந்து, அப்போட்டிகளில் இலங்கைக்கு முதலாவது தங்கப் பதக்கத்தை ஈட்டித் தந்தார். அவரே பின்னர் அமெரிக்காவின் கோர்னெல் பல்கலைக்கழகத்திற் கலாநிதிப் பட்டமும் பெற்றார். உடலுரமும் கல்வியும் ஒன்றுக்கொன்று பகையல்ல என்பதற்கு வேறு சான்று வேண்டுமா? அப்போட்டியில் தடி சிறிது சிறிதாகவே உயர்த்தப்படுகின்றது. வெற்றி பெற்றவனும் தன்னால் இயலாத ஓர் உயரத்தைக் கண்டே பெரும்பாலும் களத்தை விட்டு அகலுகின்றான். தவறுதல் அங்கே இகழ்ச்சியன்று. அது தன் அளவை அறிதல்.

அமெரிக்க அறிஞர் பெஞ்சமின் பிராங்கிளின் பதின்மூன்று நற்குணங்களை வகுத்து, தவறிய நாளிலெல்லாம் ஒரு சிறு புத்தகத்திற் கரும்புள்ளியிட்டு வந்தார். தாம் நினைத்ததிலும் தம் குறைகள் மிகுதி என்று கண்டு வியந்தார். அவை குறைந்து வரக் கண்டு மகிழ்ந்தார். அவரைப் பின்பற்றி நானும் ஒரு கொப்பி வாங்கினேன். ஒரு பக்கத்தில் நடை, மறுபக்கத்தில் வாசிப்பு. முதல் மாதக் கணக்கு: நடந்த நாட்கள் பதினொன்று, வாசித்த பக்கங்கள் அறுபது. என் மாணவனாயின் என்ன எழுதியிருப்பேன் என்று உங்களுக்குத் தெரியும்!

ஆயினும் நான் செய்தது வேறு. தடியைத் தாழ்த்தினேன். இரண்டு மைலை ஒன்றாக்கினேன். மாதம் ஒரு நூல் என்பதை இரவுக்குப் பத்துப் பக்கம் என்று மாற்றினேன். பத்துப் பக்கம் முப்பது நாளில் முந்நூறு பக்கமாகும். அது பெரும்பாலும் ஒரு நூல்தானே! ஞாயிறுதோறும் கணக்குப் பார்த்தேன். ஒரு நாள் தவறினால் மறுநாள் இரட்டிப்பாகச் செய்ய முயலவில்லை. விட்ட இடத்திலிருந்தே தொடர்ந்தேன். நான்கு மாதங்களில் ஒரு மைல் மீண்டும் இரண்டாயிற்று.

ஓர் எச்சரிக்கையும் கூறவேண்டும். எண்ணிக்கையே நோக்கமாகிவிட்டால், பக்கங்கள் புரளும், பொருள் மனத்திற் பதியாது. ஆதலால் வாசித்ததைப் பற்றி இரண்டு வரி எழுதி வைத்தல் நன்று. 1981 இல் நம் யாழ்ப்பாணப் பொது நூலகம் எரியூட்டப்பட்டபோது ஏறத்தாழ 97,000 நூல்கள் சாம்பலாயின. ஏட்டிலிருந்தது எரிந்தது, படித்தவர் நெஞ்சிலிருந்தது எரியவில்லை.

அந்த மாணவனிடம் உண்மையைச் சொல்லிவிட்டேன். இப்பொழுது அவனிடமும் ஒரு கொப்பி உண்டு. வெள்ளிக்கிழமைகளில் இருவரும் கொப்பிகளை மாற்றிப் பார்க்கின்றோம். சென்ற வாரம் என் கொப்பியின் அடியில் அவன் பென்சிலால் எழுதியிருந்தது: "முன்னேற்றம் உண்டு, இன்னும் முயலலாம்."