நண்டு சமைப்போம், நலம் காப்போம்
(தோட்ட மாதர் கூட்டத்தில் நிகழ்த்தப்பெற்ற உரை)



நமது நாட்டில் நண்டுக்குக் குறைவில்லை. கிள்ளான் துறைமுகத்திற்கு அப்பாலுள்ள பூலாவ் கெத்தாம் என்னும் பெயருக்கே நண்டுத் தீவு என்பதுதான் பொருள். தோட்டத்தில் ஒரு வீட்டில் நண்டுக் குழம்பு கொதித்தால் அடுத்த வீட்டாரும் அறிவர். ஆயினும் ருசியை நாடும் நாம், அதிலுள்ள ஆபத்தையும் அறிந்திருத்தல் வேண்டும்.

நாம் வாங்குபவை பெரும்பாலும் இருவகை. ஒன்று, கண்டல் காட்டுச் சேற்றில் வாழும் சேற்று நண்டு. கொடுக்குகள் கட்டப்பட்டு உயிருடன் விற்கப்படுவது இதுவே. மற்றொன்று பூநண்டு. கடலைவிட்டு எடுத்ததும் இது விரைவில் இறந்துவிடுமாதலால் பனிக்கட்டியில் வைத்து விற்கின்றனர்.

நண்டு கொழுத்தால் வளையில் தங்காது என்பார்கள். நமக்கு வேண்டியதோ அக்கொழுத்த நண்டே! கையில் தூக்கினால் அளவுக்கேற்ற கனம் இருக்கவேண்டும். அடிப்புற ஓடு அழுத்தினால் அமுங்குமாயின், அது அண்மையில் ஓடு கழற்றிய நண்டு. சதை குறைவாகவே இருக்கும். அடிவயிற்றின் வெளியே முட்டைத் திரளைச் சுமக்கும் தாய் நண்டை வாங்காதிருப்போம். நாளைய நண்டுகள் அதனிடமே உள்ளன.

சந்தை முடியும் வேளையில், செத்த சேற்று நண்டு மலிவாகக் கிடைக்கும். சிக்கனம் கருதி அதனை வாங்குதல் தகாது. இறந்த நண்டின் சதையில் கிருமிகள் விரைந்து பெருகும். பூநண்டிலும் காரநெடி வீசினால் ஒதுக்கிவிடுங்கள். மிச்சம் பிடித்த பணத்தைவிட மருத்துவச் செலவு பெரிது.

உயிர் நண்டைக் கட்டவிழ்க்காமல் அரைமணி நேரத்திற்குக் குறையாமல் பனிக்கட்டியில் புதைத்து வையுங்கள். அது உணர்விழந்து அடங்கிய பின்னரே சமைக்கவேண்டும். நண்டும் துன்புறாது; நம் விரலும் தப்பும். பிறகு ஓட்டைத் தேய்த்துக் கழுவி, கொதிக்கும் உப்புநீரில் முழுதாக இடுங்கள். அரைக்கிலோ எடையுள்ள நண்டுக்கு, நீர் மீண்டும் கொதித்தது முதல் பதினைந்து நிமிடம் வேண்டும். ஓடு சிவந்தவுடன் வெந்துவிட்டதென்று எண்ணாதீர்கள். ஓட்டிலுள்ள சிவப்பு நிறப்பொருளை மறைத்திருந்த புரதம் வெப்பத்தால் விலகுவதே அந்நிறத்திற்குக் காரணம். உட்சதை வெண்மையாகி, ஓட்டிலிருந்து எளிதில் பிரிய வேண்டும்.

வெந்த நண்டின் மேலோட்டைப் பெயர்த்து, இருபுறமும் விரல்போலிருக்கும் செவுள்களையும், கண்ணுக்குப் பின்னுள்ள இரைப்பையையும் நீக்குங்கள். கொடுக்கைப் பல்லால் கடிக்கவேண்டாம். அம்மிக் குழவியால் மெல்லத் தட்டினால் போதும். சிறுவர்களுக்கு ஓட்டுத்துண்டு இல்லாதபடி சதையைப் பிரித்துக் கொடுங்கள். உண்டபின் எவருக்கேனும் உதடு வீங்கினாலோ, உடல் தடித்தாலோ, மூச்சுத் திணறினாலோ அது ஒவ்வாமையாகும். உடனே மருத்துவமனைக்குக் கொண்டு செல்லுங்கள்.

இறுதியாக ஒரு முக்கியச் செய்தி. பெலாங்காஸ் எனப்படும் குதிரைலாட நண்டு உண்மையில் நண்டே அன்று. அது சிலந்தி, தேள் இனங்களுக்கு உறவானது. சதுப்புநிலத்தில் வாழும் அதன் ஒருவகையில் கொடிய நஞ்சுண்டு. எவ்வளவு வேகவைத்தாலும் அந்நஞ்சு அழியாது. அதற்கு மாற்று மருந்தும் இல்லை. 2011-ஆம் ஆண்டில் சபா மாநிலத்தின் கோத்தா மருடு வட்டாரத்தில் இதனை உண்ட பலர் நஞ்சேறி மருத்துவமனையில் சேர்க்கப்பட்டனர். உதடு மரத்தலும் கைகால் தளர்தலும் இதன் முதல் அறிகுறிகள், மூச்சும் நின்றுவிடக்கூடும். ஆதலின், ஆற்றோரத்தில் பிள்ளைகள் பிடித்துவரும் அறியாத உயிரெதுவும் நம் சட்டியில் ஏறலாகாது.

நல்ல நண்டைத் தேர்ந்து, நன்கு வேகவைத்து, சூடு ஆறுமுன் குடும்பத்தோடு அமர்ந்து உண்போம். உணவு நமக்கு மகிழ்ச்சியும் நலமும் தருவதாகுக!