ஓரத்திற்கு வந்த குறிப்புகள்

சொந்தமாக ஓர் இணையதளம் அமைத்து அதில் எழுதிவருகிறவர்கள் இன்று நம்மிடையே அநேகர். ஆகையால் முகப்புப் பக்கம் என்றால் என்ன, எழுத்துருவை எங்கே மாற்றுவது என்பனவற்றையெல்லாம் நான் விஸ்தரிக்கப் போவதில்லை. கட்டங்கட்டமாகப் படங்களை அடுக்கி, ஒவ்வொன்றின் கீழும் இரண்டே வரிகளைக் காட்டி, 'படிக்க 3 நிமிடம்' என்று அவகாசத்தையும் முன்கூட்டியே அளந்து கொடுத்து, வாசகர் பாதியில் இருக்கும்போதே 'இதையும் பாருங்கள்' என்று வேறு பக்கத்துக்கு இழுத்துச் செல்லும் ஒரு நாகரிகம் பரவியிருக்கிறதே, அது நெடிய எழுத்துக்கும் நிதானமான வாசிப்புக்கும் நேர் விரோதமானது என்பது என் திடமான அபிப்பிராயம்.

நீளமாக எழுதும் சக்தி நம்மவர்க்கு இல்லாமல் இல்லை. தளத்தின் அமைப்புத்தான் அவர்களைச் சுருக்கி எழுத வைக்கிறது. புதியது மேலே, பழையது கீழே என்று தேதி வரிசையில் கட்டுரைகள் நிற்கும் தளத்தில், போன மாதம் எழுதியது இந்த மாதமே பழசாகிவிடுவதால், ஒரு விஷயத்தை வருஷக்கணக்கில் திரும்பத் திரும்ப எடுத்துத் திருத்தி வளர்க்கும் மனம் எளிதில் வராது. என் தளத்தை மாற்றியமைத்தபோது அந்த வரிசையைத்தான் முதலில் நீக்கினேன். இப்போது முகப்பில் விஷயவாரியாகத் தலைப்புகள் மட்டும் இருக்கின்றன. ஒவ்வொரு கட்டுரையின் தலையிலும் அது தொடங்கிய வருஷமும் கடைசியாகத் திருத்தப்பட்ட வருஷமும் இருக்கின்றன.

அடுத்தது வரியின் அகலம். அச்சுக் கலையைப் பற்றி ராபர்ட் பிரிங்ஹர்ஸ்ட் 1992-இல் வெளியிட்ட நூலில், ஒரு வரிக்கு 45 முதல் 75 எழுத்துகள் தகும் என்றும், 66 உத்தமம் என்றும் சொன்னார். அது ரோமன் எழுத்துக்குச் சொன்ன கணக்கு. நம் எழுத்துகள் அகலமானவை, சொற்களோ புணர்ந்து நீள்பவை. வரிக்கு ஏழெட்டுச் சொற்கள் போதும். புள்ளி மேலே நிற்பதாலும், உகர ஊகாரக் குறிகள் கீழே இறங்குவதாலும், வரிகளுக்கிடையே தாராளமாக இடம் விட வேண்டும். இரு புறமும் நேராக நிற்கும்படி நிரவினால் நம் நீண்ட சொற்களுக்கிடையே பள்ளம் பள்ளமாக வெளி விழும். வலப்புறத்தை அதன் போக்கில் விட்டுவிடுவதே நலம்.

இனி, என் மனத்துக்கு மிக உகந்த விஷயத்துக்கு வருகிறேன். அதுதான் ஓரக்குறிப்பு. எட்வர்ட் டஃப்டி என்னும் அமெரிக்கப் பேராசிரியர், புள்ளிவிவரங்களைச் சித்திரமாகக் காட்டும் முறையைப் பற்றி எழுதிய பெருநூலைத் தாம் விரும்பிய வண்ணமே அச்சிட வேண்டும் என்ற பிடிவாதத்தினால், பிறரிடம் ஒப்படைக்காமல், தம் வீட்டை மறுபடியும் அடமானம் வைத்து, 1983-இல் தாமே பிரசுரம் செய்தார். அந்த நூலின் ஒரு பக்கத்தைத் திறந்து பாருங்கள். பக்கத்தின் ஒருபுறம் அகன்ற ஓரம்; அந்த ஓரத்தில், எந்த வரிக்கு உரியதோ அந்த வரியின் அருகிலேயே குறிப்பு. வாசகர் பக்கத்தின் அடிக்கும் இறங்க வேண்டாம், நூலின் கடைசிக்கும் புரட்ட வேண்டாம். கண் அந்த இடத்தை விட்டுப் போவதில்லை. மறுபடியும் சொல்கிறேன், கண் அந்த இடத்தை விட்டுப் போவதில்லை. இணையத்தில் இதன் அருமை இன்னும் அதிகம். ஏனெனில் அங்கே அடிக்குறிப்பைத் தேடிக் கீழே போனவர் திரும்பி வருவதே அரிது.

இது நமக்குப் புதிய தர்மமும் அன்று. உ. வே. சாமிநாதையர் 1937-இல் பதிப்பித்த குறுந்தொகையில், பதவுரையும் விசேடவுரையும் மேற்கோளாட்சியும் ஒப்புமைப் பகுதியும் அந்தந்தச் செய்யுளை அடுத்தே நிற்கின்றன. என் தகப்பனார் நான்கடிச் செய்யுள் ஒன்றை வைத்துக்கொண்டு ஒரு மாலைப்பொழுது முழுவதும் அந்தப் பதிப்பில் ஆழ்ந்திருப்பதைப் பார்த்து வளர்ந்தவன் நான். செய்யுளும் அதற்குத் துணையான செய்திகளும் அருகருகே இருந்ததனால் அல்லவா அந்த வாசிப்பு கூடிற்று!

ஓரக்குறிப்பு வாசகருக்கு மட்டும் உபகாரம் செய்வதன்று. தேரோட்டத்தைப் பற்றி நான் எழுதிய கட்டுரை ஒன்றில், தேருக்கு இலுப்பை மரத்தைத் தேர்ந்தெடுப்பது பற்றிய செய்தி, வாக்கியத்தின் நடுவே அடைப்புக்குறிக்குள் நெருக்குண்டு கிடந்தது. அதை ஓரத்துக்கு நகர்த்தியதும் வாக்கியம் தெளிந்தது. குறிப்பும், எங்கள் ஊர்த் தச்சர் சொன்ன விவரங்களையெல்லாம் ஏற்றுக்கொண்டு, தானே ஒரு சிறு கட்டுரையாக வளர்ந்தது. ஓரத்தில் இடம் கொடுத்தால் எழுத்து வளரும்.

கைப்பேசியில் ஓரத்துக்கு இடம் ஏது என்று கேட்பீர்கள். டஃப்டியின் நூல்களைப் பின்பற்றி ஆர்வலர்கள் இணையப் பக்கங்களுக்கென்று செய்து, விலையின்றி வழங்கியிருக்கும் டஃப்டி சிஎஸ்எஸ் என்னும் பாணிக்கோப்பில் இதற்கும் வழி உண்டு. சிறிய திரையில் குறிப்பு மறைந்திருக்கும். அதன் எண்ணை விரலால் தொட்டால் அந்த இடத்திலேயே விரியும், மறுபடி தொட்டால் மூடிக்கொள்ளும். அங்கும் கண் இடம் பெயர்வதில்லை.

ஆகவே, தளம் வைத்திருக்கும் நேயர்களை நான் கேட்டுக்கொள்வது இதுதான்: உங்கள் கட்டுரைகளில் உங்களுக்கே மிகவும் பிடித்த ஒன்றை எடுங்கள், வரியின் அகலத்தைக் குறையுங்கள், அடைப்புக்குறிக்குள் இருப்பதையெல்லாம் ஓரத்துக்கு மாற்றுங்கள், பிறகு, முன்பு இடமில்லை என்று வெட்டியெறிந்த பகுதிகளைத் தேடியெடுத்து அதில் சேர்த்துவிடுங்கள்.