முதலில் காய வேண்டியது புல்

(வால்பாறையில் அம்பேத்கர் பிறந்தநாளையொட்டி இளைஞர்கள் நடத்திய கூட்டத்தில் பேசியதன் எழுத்து வடிவம்)



வறட்சிக் காலத்தின் நீர்க் கட்டுப்பாடு பற்றிப் பேசப்போகிறேன் என்றதும் பின்வரிசையில் இரண்டு பேர் சிரித்தீர்கள். சிரிப்பு வருவது நியாயம்தான். தமிழ்நாட்டில் மிக அதிகமாக மழை பெய்யும் இடங்களில் ஒன்றான சின்னக்கல்லாறு நமக்குப் பக்கத்தில் இருக்கிறது. ஜூன் பிறந்துவிட்டால் துவைத்த துணி காயாது, அட்டைக்கடி ஓயாது. இந்த மலையில் பெய்கிற மழைதான் பரம்பிக்குளம்-ஆழியாறு திட்டத்தின் அணைகள், சுரங்கங்கள், கால்வாய்கள் வழியாக இறங்கி, பொள்ளாச்சியிலும் உடுமலையிலும் தென்னைக்குப் பாய்கிறது. இங்கே வந்து தண்ணீர்ப் பஞ்சம் என்றால் யார் நம்புவார்கள்?

லைன் வீட்டில் பிறந்தவர்கள் நம்புவார்கள். மாசி, பங்குனியில் ஊற்று சுருங்கிப்போகும். தொட்டியில் பாதி நிறையாது. காலையில் அரை மணி நேரம் குழாயில் நூல் மாதிரி வரும். அம்மா கொழுந்தெடுக்க ஏழரைக்குள் மலையேறிவிட வேண்டும் என்பதால், வரிசையில் குடத்தோடு நிற்பது என் வேலை. பள்ளிக்கூடத்துக்குத் தாமதமாகப் போய் வெளியே நிற்பதும் என் வேலைதான்.

என் அப்பாவுக்கு பங்களாவில் வேலை. தோட்டக்காரர். எந்த எஸ்டேட் என்று சொல்லவில்லை, அது இங்கே முக்கியமும் இல்லை. பங்களாவுக்கு முன்னால் பத்து சென்ட் அளவுக்குப் புல்தரை. வெள்ளைக்காரத் துரை போட்டது, அவர் போன பிறகும் அது போகவில்லை. நாங்கள் குடத்தோடு நிற்கிற அதே பங்குனி மாதத்தில், என் அப்பா கையில் ஹோஸ் பைப்போடு அந்தப் புல்லுக்குத் தண்ணீர் அடித்துக்கொண்டிருப்பார். ஒருநாள் சாயங்காலம் அந்தப் பைப்பிலிருந்து ஒரு கேன் பிடித்து வீட்டுக்குக் கொண்டுவந்தார். மறுநாள் அவரைக் கூப்பிட்டுக் கண்டித்தார்கள். "தண்ணி இல்லாத நேரத்துல ஆளாளுக்கு எடுத்தா எப்படி?" என்று கேட்டார்களாம். அதைச் சொல்லிவிட்டு, திரும்பவும் பைப்பை அவர் கையில்தான் கொடுத்தார்கள்.

இந்தக் கேள்வியை நான் வெகுநாள் யோசித்திருக்கிறேன். கேட்பதற்கு எவ்வளவு நியாயமாக இருக்கிறது பாருங்கள். தண்ணீர் இல்லாத நேரத்தில் எல்லோரும் கட்டுப்பாடாக இருக்க வேண்டும். யார் மறுக்க முடியும்? அதில் மறைந்திருப்பது ஒன்றுதான்: புல் குடிப்பது கணக்கில் வரவில்லை.

நாம் கணக்கில் கொண்டுவருவோம். ஒரு சதுர மீட்டரில் ஒரு மில்லிமீட்டர் தண்ணீர் நின்றால் அது ஒரு லிட்டர். வெயில் காலத்தில் புல்தரை பச்சையாக இருக்க நாளுக்கு ஏறக்குறைய 5 மில்லிமீட்டர் வேண்டும். பத்து சென்ட் என்பது சுமார் 400 சதுர மீட்டர். அப்படியென்றால் நாளொன்றுக்கு 2,000 லிட்டர். 15 லிட்டர் குடத்தில் 130 குடத்துக்கு மேல். கிராமத்தில் ஓர் ஆளுக்கு நாளுக்கு 55 லிட்டர் என்பது ஜல் ஜீவன் திட்டத்தின் அளவு. அந்தக் கணக்கில் 36 பேருக்கான தண்ணீர் அது. ஒரு லைனில் குடியிருப்பவர்களின் தண்ணீரை ஒரு புல்தரை குடித்துக்கொண்டிருந்தது.

இத்தனைக்கும் புல் அப்படிச் சாகிற உயிர் இல்லை. அருகம்புல்லைப் பாருங்கள். கோடையில் பழுத்துப் பொசுங்கிவிடும், வேர் உயிரோடு கிடக்கும், ஒரு மழைக்குத் தளிர்த்துவிடும். "ஆல்போல் தழைத்து அருகுபோல் வேரோடி" என்று வாழ்த்துவது அதனால்தான். இரண்டு மாதம் பழுப்பாகக் கிடந்தால் புல்லுக்கு நட்டமில்லை. நட்டம் அதைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருப்பவரின் கௌரவத்துக்கு.

அதனால்தான் வறட்சி வந்த பல ஊர்களில் அரசுகள் முதலில் தோட்டத்தில் கை வைக்கின்றன. 2024 மார்ச்சில் பெங்களூரு குடிநீர் வாரியம், குடிநீரைக் கொண்டு கார் கழுவுவதற்கும், தோட்டத்துக்கு ஊற்றுவதற்கும், கட்டடம் கட்டுவதற்கும் தடை போட்டது. மீறினால் 5,000 ரூபாய் அபராதம். 2016 ஏப்ரலில் லாத்தூருக்கு மிரஜிலிருந்து ரயிலில் தண்ணீர் போனது. அதே மாதம், கிரிக்கெட் மைதானத்துப் புல்லுக்குத் தண்ணீர் ஊற்றுவதை எதிர்த்த வழக்கில், ஏப்ரல் 30க்குப் பிறகான ஐபிஎல் ஆட்டங்களை மகாராஷ்டிரத்துக்கு வெளியே கொண்டுபோகச் சொன்னது பம்பாய் உயர் நீதிமன்றம். ஒரு மாநிலம் புல்லையும் மனிதரையும் ஒரே தராசில் வைத்துப் பார்த்த தருணம் அது. நான் இந்த விதிகளை ஆதரிக்கிறேன். கடைப்பிடிக்க வேண்டும் என்கிறேன்.

ஆனால் விதி போட்டதோடு கதை முடிவதில்லை. தென்னாப்பிரிக்காவின் கேப் டவுனில் 2018இல் ஓர் ஆளுக்கு நாளுக்கு 50 லிட்டர் என்று வரம்பு வைத்தார்கள். நகராட்சித் தண்ணீரைத் தோட்டத்துக்கு விடக் கூடாது என்றார்கள். உலகமே பாராட்டியது. வசதியுள்ளவர்கள் என்ன செய்தார்கள்? வீட்டுக்குள் போர் போட்டுக்கொண்டார்கள். 2023இல் வெளியான ஓர் ஆய்வு அந்த நகரத்தின் தண்ணீரைப் பிரித்துப் பார்த்தது. மக்கள்தொகையில் 14 விழுக்காடுகூட இல்லாத மேல்தட்டு, மேல் நடுத்தர வீடுகள் 51 விழுக்காட்டுத் தண்ணீரைப் பயன்படுத்தின. 60 விழுக்காட்டுக்கும் மேலிருந்த ஏழைகளுக்குக் கிடைத்தது கால் பங்குக்குச் சற்று அதிகம். ஐம்பது லிட்டர் வரம்பு வருவதற்கு முன்பே அந்த வரம்புக்குள் வாழ்ந்தவர்கள் அவர்கள். நிறவெறி ஆட்சி போட்டுவைத்த கோட்டின்மீதே தண்ணீர் ஓடியது.

நமக்கு அந்தக் கோடு எங்கே இருக்கிறது என்று சொல்லத் தேவையில்லை. ஊருக்கும் சேரிக்கும் நடுவில் இருக்கிறது.

இனி என்னைப் பற்றிய ஒரு விஷயம். பெருமையாகச் சொல்லவில்லை.

ஆய்வுப் படிப்புக்காகக் கோவையில் ஓர் அடுக்ககத்தில் தோழிகளோடு வாடகைக்கு இருக்கிறேன். ஒரு கோடையில் தண்ணீர்த் தட்டுப்பாடு. சங்கத்திலிருந்து லிஃப்ட் பக்கத்தில் நோட்டீஸ் ஒட்டினார்கள். வெளியாட்கள் யாரும் வளாகத்தில் தண்ணீர் பிடிக்கக் கூடாது. எங்கள் மாடியில் நாலு வீட்டில் வேலை செய்கிற அக்கா ஒருவர், தினமும் போகும்போது கீழே குழாயில் இரண்டு குடம் பிடித்துக்கொண்டு போவார். அவர் தெருவில் பத்து நாளைக்கு ஒருமுறைதான் தண்ணீர். "ஏனுங் கண்ணு, நீ ஒரு வார்த்தை சொல்லிப் பாரேன்" என்று என்னிடம் கேட்டார்.

நான் சொல்லவில்லை. வாடகைக்கு இருக்கிறோம், ஏற்கெனவே வீடு பார்க்கப் போன இடங்களில் "நீங்க என்ன ஆளுங்க" என்று சுற்றி வளைத்துக் கேட்டதெல்லாம் நினைவில் இருந்தது. பேசினால் என் சாதி வெளியே வந்துவிடும் என்ற பயம். பத்து நாள் கழித்துத்தான் கூட்டத்தில் எழுந்து கேட்டேன்: "இரண்டு குடத்தை நிறுத்திட்டீங்க. முன்னாடி இருக்கிற புல்லுக்கு ரெண்டு வேளையும் ஊத்தறீங்களே?" செயலாளர் சிரித்துக்கொண்டே சொன்னார்: "அது போர் தண்ணிங்க மேடம். கார்ப்பரேஷன் தண்ணி இல்ல. புல்லு காஞ்சா திரும்பப் போட எவ்வளவு ஆகும் தெரியுங்களா?"

கீழே அந்தக் குழாயிலும் வருவது அதே போர் தண்ணீர்தான். அதையும் சொன்னேன். வேறு பேச்சுக்குப் போய்விட்டார்கள். அந்த அக்கா அதற்கு முன்பே கேட்பதை நிறுத்திவிட்டிருந்தார்.

"தண்ணி இல்லாத நேரத்துல ஆளாளுக்கு எடுத்தா எப்படி?" என்ற அதே வாக்கியம், இருபது வருடம் கழித்து, மலையிலிருந்து இறங்கி, நோட்டீஸாக ஒட்டப்பட்டிருந்தது. அங்கே யாரும் தீட்டு என்று சொல்லவில்லை. சொல்லத் தேவையும் இல்லை. வறட்சி என்ற சொல்லே அந்த வேலையைச் செய்துவிட்டது.

மகாட் நமக்குச் சொல்வது இதைத்தான். 1923இல் பம்பாய் சட்டமன்றத்தில் தீர்மானம் வந்தது. 1924இல் மகாட் நகராட்சி, சவுதார் குளம் எல்லோருக்கும் திறந்தது என்று முடிவு செய்தது. காகிதத்தில் எல்லாம் இருந்தது. 1927 மார்ச் 20 அன்று பாபாசாகேப் ஆயிரக்கணக்கானவர்களோடு நடந்துபோய்க் கையில் அள்ளிக் குடிக்கும்வரை அந்தக் குளம் திறக்கவில்லை. குடித்த பிறகு அடித்தார்கள், குளத்துக்குத் தீட்டுக் கழித்தார்கள். 1951ஆம் ஆண்டின் தோட்டத் தொழிலாளர் சட்டம் தொழிலாளிக்குப் போதுமான நல்ல குடிநீர் தருவது முதலாளியின் கடமை என்று சொன்னது. என் அப்பா அதைப் படித்ததில்லை. படித்திருந்தாலும் அந்தக் கேனுக்கு அது துணைக்கு வந்திருக்குமா? விதி எழுதியிருப்பது ஒன்று, அது யார்மீது பாய்கிறது என்பது இன்னொன்று.

ஆகவே வறட்சி வரும்போது நாம் கேட்க வேண்டியவை சில உண்டு. கட்டுப்பாடு புல்தரையிலிருந்து தொடங்கட்டும். நீச்சல் குளம், கார் கழுவுவது என்று கீழே இறங்கி, குடத்துக்குக் கடைசியாக வரட்டும். போர் தண்ணீரும் கணக்கில் வரட்டும், ஏனென்றால் பக்கத்துக் காலனியின் அடிபம்பு வற்றுவது அந்தப் போரினால்தான். பங்களா, விடுதி, அடுக்ககம், லைன், காலனி என்று எதற்கு எவ்வளவு போகிறது என்பதை நகராட்சி வெளியே ஒட்டட்டும். சுத்திகரித்த கழிவுநீரைப் புல்லுக்கு விடுகிறோம் என்பவர்கள், அந்தக் குழாய் எங்கிருந்து வருகிறது என்று காட்டட்டும்.

நமக்கும் ஒரு விதி உண்டு. படித்து, வேலைக்குப் போய், நம்மில் சிலர் இப்போது புல்தரை இருக்கிற வளாகங்களுக்குள் வந்திருக்கிறோம். அங்கே குடத்தோடு ஒருவர் நிற்கும்போது பத்து நாள் கழித்துப் பேசக் கூடாது. அன்றைக்கே பேச வேண்டும். நான் அதில் தவறினேன். உங்களிடம் அதைச் சொல்லத்தான் வந்தேன்.

அப்பா போன வருடம் ஓய்வு பெற்றார். அந்தப் புல்லைப் பற்றி அவரிடம் கேட்டேன். "ஒரு கோடை காஞ்சிருந்தா ஒண்ணும் ஆயிருக்காதும்மா. மழைக்கு வந்திருக்கும். அது எனக்கு அன்னைக்கே தெரியும். ஆனா காயட்டும்னு சொல்ற இடத்துல நான் இல்லையே" என்றார்.

நாம் இருக்கிறோம்.