நிற்கும் இடமும் அதன் பெயரும்

கோலார் தங்கவயலிலிருந்து தினமும் ரயிலேறி பெங்களூருக்கு வேலைக்குப் போகிறவர்களில் கணினி நிரல் எழுதும் இளைஞர்களும் உண்டு. 'அப்படி ஒரு கோப்பு இல்லை' என்ற பிழைச்செய்தி அவர்களுக்குப் பழகிப்போனது. கோப்பு கண்ணெதிரே இருக்கும். கையால் ஓட்டினால் நிரல் ஓடும். அதையே இரவில் தானாக ஓடும்படி வைத்தால் கோப்பைக் காணோம் என்று நின்றுவிடும். காரணம், ஓடும் ஒவ்வொரு நிரலும் ஏதோ ஒரு ஃபோல்டரில் நின்றுகொண்டுதான் ஓடுகிறது. முழுப் பாதை சொல்லாமல் வெறும் பெயரைச் சொன்னால், நிற்கும் இடத்திலிருந்துதான் அது தேடும். நாம் ஓட்டும்போது நம் ஃபோல்டரில் நிற்கும் நிரல், லினக்ஸில் பின்னணிச் சேவையாகத் தொடங்கினால் பெரும்பாலும் எல்லா ஃபோல்டர்களுக்கும் மேலான வேர் ஃபோல்டரில் நிற்கும். 'நான் எங்கே நிற்கிறேன்' என்று ஒரு நிரல் கேட்டால் கணினி எப்படிப் பதில் சொல்கிறது, அந்தப் பதிலை எவ்வளவு தூரம் நம்பலாம் என்பதே இன்றைய பேச்சு. நிரல் நிற்பது ஓர் இடத்தில். பாதை என்பது அந்த இடத்துக்கு அந்த நேரத்தில் இருக்கும் பெயர் மட்டுமே. இதைப் பிரித்துப் பார்க்காததால்தான் பல நிரல்கள் தடுமாறுகின்றன என்பது என் கருத்து.

யுனிக்ஸின் தொடக்க நாட்களிலேயே இதற்குச் சான்று இருக்கிறது. பெல் ஆய்வகத்தில் பி.டி.பி-7 கணினியில் யுனிக்ஸ் உருவான காலத்தில், ஃபோல்டர் மாற்றும் கட்டளை மற்றவற்றைப் போல ஒரு சாதாரண நிரலாகவே இருந்தது. பிறகு, ஒவ்வொரு கட்டளைக்கும் புதிதாக ஒரு பிள்ளை நிரலைப் பிறப்பிக்கும் முறை வந்தது. உடனே ஃபோல்டர் மாற்றும் கட்டளை வேலை செய்யாமல் போனது. எங்கே தவறு என்று யுனிக்ஸை உருவாக்கியவர்கள் நெடுநேரம் தேடியதை, அவர்களில் ஒருவரான டென்னிஸ் ரிட்சி தமது யுனிக்ஸ் வரலாற்றுக் கட்டுரையில் எழுதியிருக்கிறார். பிள்ளை நிரல் தன் இடத்தைச் சரியாகவே மாற்றிக்கொண்டது. மாற்றிய கையோடு முடிந்தும் போனது. அதைப் பிறப்பித்த தாய் நிரல் நின்ற இடத்திலேயே நின்றது. அந்தக் கட்டளை, கட்டளைகளை வாங்கி ஓட்டும் தாய் நிரலான ஷெல்லுக்குள்ளேயே இருப்பதற்கு இதுதான் காரணம். நிற்கும் இடம் ஒவ்வொரு நிரலுக்கும் தனித்தனி உடைமை என்பது அன்றே தெளிவாகிவிட்டது.

இயங்குதளம் அந்த இடத்தை எப்படி நினைவில் வைக்கிறது? பழைய யுனிக்ஸில் பாதையை எழுத்தாக எங்கும் எழுதி வைக்கவில்லை. ஐநோடு என்ற எண் கொண்ட பதிவை மட்டுமே பிடித்துக்கொண்டது. பெயர் வேண்டுமென்றால் கீழிருந்து மேலே ஏற வேண்டும். தான் நிற்கும் ஃபோல்டரின் எண்ணைக் குறித்துக்கொண்டு, தாய் ஃபோல்டருக்கு ஏறி, அங்குள்ள பெயர்களை ஒவ்வொன்றாகப் படித்து, அந்த எண் எந்தப் பெயருக்கு உரியது என்று தேடும். கிடைத்த பெயர் பாதையின் கடைசித் துண்டு. பிறகு அதற்கும் மேலே ஏறும். தானும் தாயும் ஒரே எண்ணாக இருக்கும் இடம் வந்தால் அதுதான் வேர், தேடல் முடிந்தது. இன்றைய லினக்ஸில் இயங்குதளத்தின் மையமான கருநிரலே இந்த ஏற்றத்தை ஒரே அழைப்பில் செய்து கொடுக்கிறது. ஆனாலும் விடை, கேட்கும்போதுதான் உருவாகிறது. நிரல் நின்றுகொண்டிருக்கும்போதே வேறொருவர் ஃபோல்டரின் பெயரை மாற்றினால், அடுத்த முறை கேட்கும்போது புதுப் பெயர் வரும். ஃபோல்டரையே அழித்துவிட்டால் பெயர் கிடைக்காது, பிழைதான் வரும். அப்போதும் நிரல் அங்கேயேதான் நிற்கும்.

நம் ஊர் எடுத்துக்காட்டு ஒன்று இதற்குப் பொருந்தும். 1965-இல் டாடா அடிப்படை ஆராய்ச்சி நிறுவனத்தாரும் ஒசாகா, டர்ஹாம் பல்கலைக்கழகத்தாரும் சேர்ந்து, கோலார் தங்கவயலின் சாம்பியன் ரீஃப் சுரங்கத்தில் சுமார் 2.3 கிலோமீட்டர் ஆழத்தில் கருவிகளை வைத்து, காற்றுமண்டலத்தில் பிறக்கும் நியூட்ரினோக்களின் தடத்தைக் கண்டார்கள். கருவிக்குத் தேவைப்பட்டது தலைக்கு மேலிருந்த பாறை. சுரங்கத்தின் பெயர் உலகுக்கு அறிவிக்கத் தேவைப்பட்டது. வேலை நடந்தது இடத்தில். பெயர் மற்றவர்களுக்குச் சொல்ல.

'ஏன் இவ்வளவு ஏற்றம்? வந்த பாதையை எழுத்தாகவே வைத்துக்கொள்ளலாமே' என்று கேட்கலாம். நியாயமான கேள்விதான். ஷெல் அப்படித்தான் செய்கிறது. பிளான் 9 இயங்குதளத்தில் ராப் பைக் 2000-இல் அதையே கருநிரலுக்குள் கொண்டுவந்தார். ஒரே ஃபோல்டரை இன்னொரு பெயரிலும் காட்டும் ஏற்பாட்டின் வழியே உள்ளே போனவர் மேலே ஏறினால், வந்த வழியே திரும்பாமல் வேறெங்கோ போய் நிற்கும் குழப்பம் அவரை அந்த முடிவுக்குத் தள்ளியது. மனிதர் கண்ணுக்குக் காட்ட அது நல்ல வழி என்பதை ஏற்கிறேன். ஆனால் எழுதி வைத்த பெயர், இன்னொருவர் ஃபோல்டரை நகர்த்திய கணமே பழையதாகிவிடும். விண்டோஸைப் பாருங்கள்: அது பாதையை எழுத்தாக வைத்திருக்கிறது, கூடவே அந்த ஃபோல்டரைத் திறந்து பிடித்தும் வைத்திருக்கிறது. அதனால்தான் ஒரு நிரல் நிற்கும் ஃபோல்டரை அங்கே அழிக்க முடிவதில்லை. பெயர் மட்டும் போதாது என்பதை அந்த ஏற்பாடே ஒப்புக்கொள்கிறது.

பெயரின் நீளத்திலும் ஒரு சிக்கல் உண்டு, தமிழில் ஃபோல்டருக்குப் பெயர் வைக்கும்போது அது தெரியும். யுடிஎஃப்-8 முறையில் தமிழின் ஒவ்வொரு குறியீடும் மூன்று பைட். 'கோலார்' என்பது நம் கண்ணுக்கு மூன்றெழுத்து. கணினிக்கு ஆறு குறியீடு, 18 பைட். ரோமன் எழுத்தில் அதே பெயர் ஐந்தே பைட். பாதை 200 பைட்டுக்குள் அடங்கிவிடும் என்று நினைத்துச் சிறிய இடம் ஒதுக்கிய நிரல், நீளமான தமிழ்ப் பெயர்கள் நாலைந்து அடுக்கினாலே திணறும். அமைப்பு அதற்குப் பிழைக்குறி தருகிறது. அதைப் பார்க்காமல் விடுவது நிரலாளரின் குறை. தமிழ்ப் பெயர் வைத்ததால் வந்த வினை என்று பயனரைக் குறை சொல்வது முறையல்ல.

'பெயர் மாறுவதும் ஃபோல்டர் நகர்வதும் அரிதாக நடப்பவை, தொடங்கும்போதே ஒருமுறை பெயரைக் கேட்டு வைத்துக்கொண்டால் போதும்' என்பார்கள் சிலர். சிறிய நிரலுக்குப் போதும். ஆனால் ஒரே நிரலுக்குள் பல இழைகள், அதாவது இணையாக நடக்கும் வேலைகள், ஓடும்போது, நிற்கும் இடம் அவை எல்லாவற்றுக்கும் பொது. ஓர் இழை இடம் மாறினால் மற்ற இழைகளின் காலடியும் மாறிவிடும். இதற்கும் தீர்வாகும்படி, யுனிக்ஸ் வகை இயங்குதளங்களுக்கான போசிக்ஸ் தரம் 2008-ஆம் ஆண்டுப் பதிப்பில், திறந்து பிடித்த ஃபோல்டரிலிருந்து நேரடியாகக் கோப்பைத் தேடும் அழைப்புகளைச் சேர்த்தது. நிரல் எழுதும் தம்பி தங்கைகளே, வேலைக்கு அந்தப் பிடியை வைத்துக்கொள்ளுங்கள்; பெயரைப் பயனருக்குக் காட்டவும் பிழைச்செய்தியில் எழுதவும் மட்டும், தேவைப்படும் நேரத்தில் புதிதாகக் கேளுங்கள். இரவில் ஓடும் நிரலுக்கு எந்த ஃபோல்டரில் நிற்க வேண்டும் என்பதை நீங்களே எழுதிக் கொடுங்கள்.