மறைந்த மூன்று ஆட்டக்காரர்கள்

(சங்கத்தின் ஆண்டு விழாவில் ஆற்றிய உரை)



அண்மையில் மறைந்த கலைஞர்களையும் விளையாட்டு வீரர்களையும் நினைந்து ஆண்டு விழாவில் ஒருவர் சில வார்த்தை கூறுவது நம் சங்கத்தின் வழக்கம். புலவர்களும் பேராசிரியர்களும் நின்று பேசிய இவ்விடத்தில், பத்தாம் வகுப்புத் தேறி ரயில்வேயில் எழுத்தராக இருக்கும் எம்மை நிறுத்தியிருக்கிறீர்கள். சரக்குக் கணக்கு எழுதிப் பழகிய கை இது. சொற்குற்றம் நேர்ந்தால் பொறுத்தருள வேண்டுகிறோம்.

பாடகர்களையும் நடிகர்களையும் பற்றி நாம் அதிகம் சொல்லத் தேவையில்லை. 2020 செப்டம்பர் 25-ஆம் நாள் எஸ். பி. பாலசுப்பிரமணியம் மறைந்தபோது நம் வீடுகளில் அழாதவர் யார்? 2021 ஏப்ரலில் விவேக், 2023 பிப்ரவரியில் வாணி ஜெயராம், அவ்வாண்டு டிசம்பரில் விஜயகாந்த் என்று ஒவ்வொருவராகப் போயினர். அவர்களுக்கெல்லாம் இம்மன்றத்தில் விளக்கேற்றி, பாட்டுப் பாடி, படம் காட்டி நம் கடனைச் செலுத்திவிட்டோம். செலுத்தாத கடன் ஒன்று உண்டு. அதைப் பற்றிப் பேசவே இன்று ஒப்புக்கொண்டோம்.

கால்பந்தாட்டம் இந்தக் கல்கத்தா நகரத்துக்கு எத்தகையது என்பதை இங்கே குடியிருக்கும் நமக்கு யாரும் எடுத்துச் சொல்ல வேண்டுவதில்லை. இந்நகரம் தலைமேல் வைத்துக் கொண்டாடிய மும்மூர்த்திகள் பிரதீப் குமார் பானர்ஜி, சுனி கோஸ்வாமி, துளசிதாஸ் பலராம் ஆகிய மூவர். முதல்வர் 2020 மார்ச் 20-இல் மறைந்தார். இரண்டாமவர் அதே ஆண்டு ஏப்ரல் 30-இல் மறைந்தார். ஊரடங்குக் காலம். மோகன் பகானை விட்டு வேறெங்கும் ஆடாத அந்த மனிதருக்கு மைதானமே திரண்டு வந்திருக்க வேண்டும், வர இயலவில்லை. மூன்றாமவர் 2023 பிப்ரவரி 16-இல் மறைந்தார். அப்போது ஊரடங்கு ஏதும் இல்லை.

பி. கே. பானர்ஜியை ரயில்வேக்காரர்களாகிய நாம் எம்மவர் என்று உரிமை கொண்டாடுவோம். பெரிய சங்கங்கள் எத்தனையோ இருக்க, கடைசி வரை கிழக்கு ரயில்வே அணிக்கே ஆடியவர் அவர். 1958-இல் கிழக்கு ரயில்வே அணி கல்கத்தா லீக் பட்டத்தை வென்றது. மூன்று பெரிய சங்கங்களுக்கு வெளியே வேறோர் அணி அப்பட்டத்தைப் பெற, பின்னர் 2019 வரை காத்திருக்க வேண்டியதாயிற்று. கிழக்கு ரயில்வே அலுவலகங்களில் 1958 என்று சொன்னால் இன்றும் பழைய ஆட்கள் நிமிர்ந்து உட்காருவார்கள். ஆட்டத்தை விட்ட பிறகு பயிற்சியாளராகவும் பெரும்புகழ் எய்தினார். 1975-இல் ஈஸ்ட் பெங்கால், மோகன் பகானை ஐந்து கோல் போட்டு வென்றபோதும், 1977-இல் பீலே ஆடிய காஸ்மாஸ் அணியோடு மோகன் பகான் இரண்டுக்கு இரண்டு என்று சமன் செய்தபோதும் பயிற்சியாளர் அவரே. வாய்ப்பேச்சாலேயே ஆட்டக்காரருக்கு உரமேற்றிவிடுவார் என்பர்.

சுனி கோஸ்வாமியோ, ஒரு பிறவியில் இரண்டு ஆட்டம் ஆடியவர். 1966-இல் சோபர்ஸ் தலைமையில் வந்த மேற்கிந்திய அணியை இந்தூரில் மத்திய, கிழக்கு மண்டலக் கூட்டணி தோற்கடித்தது. அந்தக் கிரிக்கெட் பந்தயத்தில் எட்டு விக்கெட் வீழ்த்தியவர் இந்தக் கால்பந்தாட்டக்காரர்தாம்! 1971-72-இல் வங்காள அணிக்குத் தலைமை தாங்கி ரஞ்சிக் கோப்பையின் இறுதிப் பந்தயம் வரை கொண்டு சென்றார்.

இனிப் பலராம். 1936-இல் செகந்தராபாத்தை அடுத்த அம்முகூடாவில் தமிழ்ப் பெற்றோருக்குப் பிறந்தவர். ஐதராபாத்தின் சையத் அப்துல் ரஹீம் என்ற மாபெரும் ஆசான் கண்டெடுத்த மணி. 1957-இல் ஈஸ்ட் பெங்கால் அணிக்கு வந்தார். 1961-இல் அவர் தலைமையில் அவ்வணி லீக் பட்டம் பெற்றது. அதற்கு முந்தைய ஆண்டு ரோமாபுரி ஒலிம்பிக்கில் ஹங்கேரிக்கு எதிராக ஒரு கோல், பெருவுக்கு எதிராக ஒரு கோல் போட்டார். இரண்டு பந்தயத்திலும் நாம் தோற்றோம் என்பது உண்மையே. ஆனால் ஹங்கேரியிடம் ஒன்றுக்கு இரண்டு என்று தோற்பது அந்நாளில் எவ்வளவு பெரிய காரியம் என்பதை ஆட்டம் அறிந்தவர் அறிவர்.

1962-இல் ஜகார்த்தாவில் ஆசிய விளையாட்டு நடந்தது. இஸ்ரேலையும் தைவானையும் விலக்கியதைப் பற்றி நம் நாட்டவரான சோந்தி ஆட்சேபம் தெரிவித்ததால் அவ்வூர் மக்களுக்கு நம்மேல் கடுங்கோபம். முதல் பந்தயத்தில் தென்கொரியாவிடம் இரண்டு கோலில் தோல்வி. பிறகு தாய்லாந்தையும் ஜப்பானையும் தென்வியத்நாமையும் வென்று, செப்டம்பர் 4-இல் அதே தென்கொரியாவை இறுதிப் பந்தயத்தில் சந்தித்தார்கள். சுற்றிலும் ஏறக்குறைய ஒரு லட்சம் பேர். அத்தனை பேரும் எதிர்க்கட்சி. பானர்ஜி ஒரு கோல் போட்டார். தலையில் தையல் போட்ட காயத்தோடு முன்வரிசையில் ஆடிய ஜர்னைல் சிங் மற்றொன்று போட்டார். இரண்டுக்கு ஒன்று என்று தங்கப்பதக்கம் நமதாயிற்று. தலைவர் சுனி, இடது ஓரத்தில் பலராம். அதற்குப் பின் ஆசிய விளையாட்டில் கால்பந்துத் தங்கம் நம் நாட்டுக்குக் கிட்டவே இல்லை.

மறு ஆண்டு பலராம் பி. என். ஆர். அணிக்கு ஆடினார், அதாவது நம் தென்கிழக்கு ரயில்வே. நுரையீரல் நோய் கண்டு, அவ்வாண்டே ஆட்டத்தை நிறுத்தும்படியாயிற்று. வயது 27-ஐத் தாண்டவில்லை.

எம் தந்தையார் கரக்பூரில் வளர்ந்தவர். பாட்டனார் அங்கே ரயில்வே பட்டறையில் வேலை செய்தார். பலராம் ஆடிய கடைசி இரண்டு ஆண்டுகளில் தந்தையாருக்குப் பதினெட்டு வயதிருக்கும். பாஸில் ரயிலேறி இங்கே வந்து, டிக்கெட்டுக்குக் காசில்லாமல், கோட்டைப் பக்கத்து மேட்டில் நின்று, கண்ணாடி பதித்த அட்டைக் குழாயைக் கண்ணில் வைத்துக்கொண்டு பார்த்ததாகச் சொல்வார். குழாயில் தெரிந்தது பாதி மைதானமே. மீதிப் பாதியைக் கூச்சலைக் கொண்டு அறிய வேண்டும். பக்கத்தில் நின்ற வங்காளியர் "பலராம்! பலராம்!" என்று கத்துகையில் இவர் மட்டும் தமிழில், "அவன் நம்ம ஊர்ப் பிள்ளையாக்கும்" என்று யாருக்கும் புரியாமல் சொல்லிக்கொள்வாராம். செகந்தராபாத் எவ்விதம் நம் ஊர் ஆகும் என்று நாம் சிறுவயதில் கேட்டதுண்டு. அதற்கு அவர், "கரக்பூர் எப்படியடா ஆச்சு?" என்பார்.

தந்தையார் பணியிலிருக்கும்போதே காலமானார். அவர் இருந்த ரயில்வேயில் அவருக்குப் பின் எமக்கு வேலை கிடைத்தது. ஸ்ரீராம்பூரில் குடி; ஹௌராவில் அலுவலகம். நாள்தோறும் உள்ளூர் ரயிலில் உத்தர்பாரா நிலையத்தைக் கடந்துதான் போகிறோம், வருகிறோம். ஹௌராவிலிருந்து லிலுவா, பேலூர், பாலி, அடுத்தது உத்தர்பாரா. பலராம் தம் இறுதிக்காலத்தைக் கழித்தது அந்த உத்தர்பாராவில், கங்கைக் கரையில். மணம் செய்துகொள்ளாதவர், தனித்து வாழ்ந்தார். சுமார் 20 ஆண்டுகளாக ஒவ்வொரு நாளும் இரண்டு முறை அவர் வாழ்ந்த ஊரைக் கடந்து சென்றோம். ஒரு நாளும் இறங்கவில்லை.

2019-இல் நம் செயற்குழுவில் இதைப் பிரஸ்தாபித்தோம். ஆண்டு விழாவுக்குச் சென்னையிலிருந்து கலைஞர்களை விமானத்தில் அழைக்கிறோமே, நான்கு நிலையம் தள்ளி இருக்கும் பலராமை அழைத்து ஒரு சால்வை போர்த்தலாகாதா என்று கேட்டோம். எல்லாரும் மனமுவந்து ஏற்றார்கள். ஆனால் அவ்வாண்டு மெல்லிசைக் குழு ஏற்பாடாகிவிட்டபடியால், அடுத்த ஆண்டு பார்த்துக்கொள்வது என்று தீர்மானித்தோம். அழைப்புக் கடிதத்தின் நகலை நாமே எழுதினோம். 2020-இலும் 2021-இலும் விழாவே நடக்கவில்லை. 2022-இல் மறுபடி விழா நடந்தபோது, கணக்கைச் சரிக்கட்டும் கவலையில் கடிதம் யாருடைய நினைவிலும் இல்லை, எம் நினைவிலுந்தான். அவ்வாண்டு டிசம்பரில் அவர் மருத்துவமனையில் சேர்ந்தார் என்று வங்காளிப் பத்திரிகையில் படித்தோம். அவர் வீடு திரும்பவில்லை.

இதில் குழுவைக் குறை கூறுவதற்கில்லை. கடிதத்தை எழுதியவர் நாம். தபால்தலை ஒட்டாமல் விட்டவரும் நாமே.

மூவருக்கும் அர்ஜுனா விருது அடுத்தடுத்த மூன்று ஆண்டுகளில் கிடைத்தது: பானர்ஜிக்கு 1961, பலராமுக்கு 1962, கோஸ்வாமிக்கு 1963. கோஸ்வாமிக்கு 1983-இலும் பானர்ஜிக்கு 1990-இலும் பத்மஸ்ரீ வந்தது. பலராமுக்கு வரவில்லை. வாணி ஜெயராம் அவர்களுக்குப் பத்மபூஷண் அறிவித்த சில நாட்களில் அவர் கண் மூடினார். கையில் வாங்கக் கொடுத்துவைக்கவில்லையே என்று நாம் அங்கலாய்த்தோம். அவர் மறைந்த பன்னிரண்டாம் நாள், ஒன்றும் அறிவிக்கப்படாமலே பலராம் போனார். தில்லியார் மறந்தனர் என்று கோபிக்க நாக்கு எழுகிறது. கைப்பையில் அந்த நகல் கடிதம் இருப்பதால் அடங்கிவிடுகிறது.

அந்தக் கடிதத்தை இன்று கொண்டுவந்திருக்கிறோம். இதைச் சங்கத்தின் நடவடிக்கைப் புத்தகத்தில் 2019-ஆம் ஆண்டுக்குரிய பக்கத்தில் ஒட்டிவைக்கும்படி செயலாளர் அவர்களிடம் இப்போது ஒப்படைக்கிறோம். ஐதராபாத் ரஹீமுடைய மாணாக்கரும் ஈஸ்ட் பெங்காலின் தலைவரும் நம் ரயில்வேயின் ஆட்டக்காரருமான துளசிதாஸ் பலராம் அவர்களின் படம் ஒன்றை நண்பர் ஒருவர் சட்டம் போட்டுத் தந்திருக்கிறார். அதை மன்றத்தின் மேற்குச் சுவரில், பாடகர்களின் படங்களுக்குப் பக்கத்தில் மாட்ட, சபையோர் அனுமதி தர வேண்டுகிறோம். ஆணி ஏற்கெனவே அடித்தாயிற்று.