குலுக்கல்ல பேர் வந்தா கோல்ஃப், வராட்டி நடை

ஆன்சைட் போயிருக்கிற நண்பர்கள் கேக்குற ஒரு கேள்விக்குத்தான் இன்னைக்கு எபிசோட்: ஸ்காட்லாந்துல செயின்ட் ஆண்ட்ரூஸ் ஓல்ட் கோர்ஸ்ல ஒரு தடவை ஆடணும், எப்படி பிளான் பண்றது? வர்ற ஜூன்ல நானும் அம்மாவோட போறேன். என் பிளானையே சொல்லிடறேன்.

முதல்ல, 'லிங்க்ஸ்'னா என்ன? கடலுக்கும் வயலுக்கும் நடுவுல கிடக்குற மணல் மேடு. விவசாயத்துக்கு ஆகாது. மழை பெஞ்சா தண்ணி உடனே இறங்கிடும். திருச்செந்தூர் பக்கம் தேரிக்காடு பாத்திருப்பீங்க. அதுல பனைமரத்தை எல்லாம் எடுத்துட்டு, செம்மண்ணுக்குப் பதிலா குட்டைப் புல்லைப் போட்டுப் பாருங்க. கிட்டத்தட்ட அதுதான். மறைப்பே இல்லாததால காத்து நேரா அடிக்கும். பந்தை உயரத் தூக்கினா காத்து கொண்டு போயிடும். தாழ்வா அடிச்சு உருட்டி விடணும். ஆனி, ஆடி காத்துல வடகரையில கிரிக்கெட் ஆடினவனுக்கு இதைச் சொல்லியா தரணும்!

அம்மாகிட்ட சொன்னதும் கேட்டது இதுதான்: "அது பெரிய ஆளுவ எடம்லா, என்னைய உள்ள விடுவானா?" நியாயமான கேள்வி. நம்ம ஊர்ல கோல்ஃப்னாலே மெம்பர்ஷிப்பும் வாசல்ல செக்யூரிட்டியும்தானே?

ஆனா அந்த இடத்தோட கதை வேற. ஊர் ஜனங்க அங்க விளையாடலாம்ங்கிற உரிமை 1552லயே எழுத்துல இருக்கு. 1797ல நகராட்சி கடன்ல மூழ்கினப்போ, நிலம் முயல் வளர்க்குற வியாபாரிங்க கைக்குப் போச்சு. கோர்ட் வரைக்கும் சண்டை. 1821ல ஜேம்ஸ் சீப்ங்கிற நிலக்கிழார் வாங்கி மைதானத்தைக் காப்பாத்தினார். 1894ல நகரமே திரும்ப வாங்கிடுச்சு. இன்னைக்கும் அது பொது நிலம். ஞாயித்துக்கிழமை, பெரிய போட்டி ஏதும் இல்லாட்டி, கோல்ஃப் கிடையாது. யார் வேணாலும் காலாற நடக்கலாம், நாயையும் கூட்டிட்டு வரலாம்.

சரி, பிளான். முன்பதிவு கிடைக்காதவங்களுக்கு குலுக்கல் உண்டு. ஆடப்போற நாளுக்கு ரெண்டு நாள் முன்னாடி பேர் கொடுக்கணும். குறைஞ்சது ரெண்டு பேர் சேர்ந்து கொடுக்கணும், அதனால ஆபீஸ் நண்பன் ஒருத்தனும் வர்றான். ஹேண்டிகேப் சர்ட்டிபிகேட் கட்டாயம். சீசன்ல கட்டணம் 300 பவுண்டுக்கு மேல. பேர் கொடுக்க மட்டும் காசு இல்ல. வண்டி கிடையாது, 18 குழியும் நடைதான்.

சனிக்கிழமை எடின்பரோவுல இருந்து ரயில்ல லூக்கர்ஸ், அங்கிருந்து பஸ். ஞாயிறு அம்மாவோட ஓல்ட் கோர்ஸ்ல நடை, ஸ்வில்கன் பாலத்துல போட்டோ. திங்கள், செவ்வாய், புதன் மூணு நாளுக்கும் குலுக்கல். மூணு ரீட்ரை, ஒரு ஃபால்பேக். பேர் வரலைன்னா பக்கத்துலயே இருக்குற நியூ கோர்ஸ். பேர்தான் நியூ, திறந்தது 1895ல!

குத்தாலத்துக்கு சீசன்ல போறவங்களுக்கு இது புதுசு இல்ல. அருவியில தண்ணி விழுமா, வெள்ளம்னு குளிக்கத் தடை போடுவாங்களாங்கிறது அன்னைக்குத்தான் தெரியும். அதுக்காக யாரும் போகாம இருக்கோமா?

ஒண்ணு மட்டும் செய்யுங்க. ஆடாதவங்க யாராவது கூட வந்தா, ஞாயித்துக்கிழமையைச் சேர்த்து டிக்கெட் போடுங்க. குலுக்கல்ல பேர் வராத எனக்கும், கோல்ஃப் மட்டையே தொடாத அம்மாவுக்கும் அந்த ஒரு நாள் நிச்சயம்.