கண்ணாடிப் பெட்டியிற் பல்லியும் காற்றின் ஈரமும்

முல்லைத்தீவுப் பகுதியில் நந்திக்கடலின் ஓரமாக அமைந்த ஊர் வற்றாப்பளை. கண்ணகி ஈழத்துக்கு எழுந்தருளியபோது பத்தாவதாகத் தங்கிய இடமாதலின் பத்தாப்பளை என வழங்கிய பெயரே நாளடைவில் வற்றாப்பளையாயிற்று என்பது ஊரார் கூறும் வரலாறு. எனினும், பெயரை மட்டும் கேட்கும் பிறவூரார் அது நீர் வற்றாத இடம் போலும் என்றே எண்ணுவர். ஆண்டின் ஒரு பகுதிக்கு அந்த எண்ணம் பொருந்தும். ஐப்பசி முதல் மார்கழி வரை வாடையோடு வரும் மழையில் வயலும் குளமும் நிரம்பி, வீட்டுச் சுவரிலும் ஈரம் ஊறும். வைகாசி விசாகப் பொங்கலுக்கு அடியார் திரளும் நாளிலோ நிலம் காய்ந்து கிடக்கும். அதன்பின் வீசும் கச்சான் காற்று மனிதரின் உதட்டையும் வெடிக்கச் செய்யும்.

இவ்விரு பருவங்களையும் ஒரே சுவரிலே கழித்துவிடும் உயிர் வீட்டுப் பல்லி. பல்லி சொல்லுக்குப் பலன் பார்ப்போர் பலர். அது பகற்பொழுதை எங்கே கழிக்கின்றது என்று பார்ப்போர் சிலரே. பார்த்தால் ஓர் உண்மை புலப்படும். கோடை நாளில் அது படச்சட்டத்தின் பின்னும், கூரைக் கிடுகின் அடுக்கினுள்ளும், தண்ணீர்க்குடம் இருக்கும் மூலையிலும் ஒதுங்கியிருக்கும். மழை நாளில் அதே பல்லி அடுப்படிப் புகட்டுப் பக்கம் ஏறிவிடும். ஈரம் வேண்டியபோது ஈரத்தையும், உலர்ச்சி வேண்டியபோது உலர்ச்சியையும் அது தானே தேடிக்கொள்கின்றது. ஒரு வீட்டினுள்ளே நாலைந்து வகைத் தட்பவெப்பம் உண்டென்பதை வீட்டுக்காரரினும் பல்லி நன்கு அறியும்.

இக்காலத்தில் பல்லியினத்தைக் கண்ணாடிப் பெட்டியிலிட்டு வளர்க்கும் வழக்கம் பல நாடுகளிற் பரவியிருக்கின்றது. அவ்வாறு மிகுதியாக வளர்க்கப்படுவது, ‘லெபர்ட் கெக்கோ’ என வணிகர் அழைக்கும் சிறுத்தைப் புள்ளிப் பல்லி. ஆப்கானிஸ்தான், பாகிஸ்தான், இந்தியாவின் வடமேற்குப் பகுதி ஆகியவை அதன் தாயகம். 1854ஆம் ஆண்டிலே பிளைத் என்னும் அறிஞர் அதனை அறிவியலுலகிற்கு விவரித்தார். மற்றொன்று, நியூ கலிடோனியாத் தீவைச் சேர்ந்த கொண்டைப் பல்லி. உலகினின்றும் அழிந்துபோயிற்று என்று கருதப்பட்டு, 1994இல் மீண்டும் கண்டெடுக்கப்பட்டது. முன்னது வறண்ட பாறை நிலத்துக்குரியது. பின்னது மழைக் காட்டுக்குரியது. இரண்டுக்கும் ஒரே ஈரம் பொருந்தாது என்பது சொல்லாமலே விளங்கும். சிறுத்தைப் புள்ளிப் பல்லிக்குக் காற்றின் ஈரப்பதன் நூற்றுக்கு 30 முதல் 40 வரை போதும் என்றும், கொண்டைப் பல்லிக்கு 60 முதல் 80 வரை வேண்டும் என்றும் வளர்ப்போர் கூறுவர்.

ஆயினும், இந்த எண்களை மட்டும் நம்பி ஈரமானியைப் பெட்டியில் மாட்டிவிட்டு அமர்வோர் ஏமாறுவர். ஈரப்பதன் என்பது காற்றில் உள்ள நீராவியின் அளவன்று; அந்த வெப்பநிலையிற் காற்றுத் தாங்கக்கூடிய நீராவியில் எத்தனை பங்கு அதில் உள்ளது என்பதாகும். வெப்பம் மிகும்போது காற்றின் கொள்ளளவும் மிகும். ஒரு கனமீற்றர் காற்றில் 20 கிராம் நீராவி இருப்பதாகக் கொள்வோம். நண்பகலில் வெப்பம் 34 பாகையாயின் ஈரப்பதன் நூற்றுக்கு 53 அளவில் நிற்கும். அதே காற்று இரவில் 25 பாகைக்குக் குளிர்ந்தால் 87 ஆகிவிடும். இடையில் எவரும் ஒரு துளி நீரும் தெளிக்கவில்லை! பெட்டியின் ஒரு மூலையில் விளக்கை எரித்துச் சூடேற்றினால், அம்மூலை உலர்ந்தும் எதிர்மூலை ஈரமாயும் காட்டுவது இதனாலேயே. ஆகவே, பெட்டிக்கு ஒரே எண் என்று ஒன்று இல்லை.

ஈரம் தவறினால் முதலில் துன்பப்படுவது பல்லியின் விரல். பாம்பைப் போலவே பல்லியும் சட்டை கழற்றும். வளர்ந்த பல்லி ஏறத்தாழ மாதம் ஒருமுறையும், குட்டி அதனினும் அடிக்கடியும் கழற்றும். பெரும்பாலும் கழற்றியதைத் தானே தின்றுவிடுமாதலால் வளர்ப்பவர் அதைக் காண்பதரிது. காற்று வறண்டிருப்பின் பழந்தோல் முழுமையாக உரியாது; விரல் நுனியிலும் வால் நுனியிலும் சிறு வளையமாகத் தங்கிவிடும். உலர உலர அவ்வளையம் இறுகும்; இரத்த ஓட்டம் தடைப்படும்; சில வாரங்களில் விரல் கறுத்து உதிரும். வால் போயின் பல்லியினத்துட் பலவற்றுக்கு மீண்டும் முளைக்கும், விரல் முளைப்பதில்லை. சுவரேறும் இனத்துக்கு விரலடியில் உள்ள நுண்மயிர்த் திண்டே பிடிமானமாதலின், விரலிழந்த பல்லி தன் வாழ்முறையில் ஒரு பகுதியை இழந்ததாகும்.

இதற்குப் பரிகாரம் பெட்டி முழுவதையும் நனைப்பதன்று. சிறுத்தைப் புள்ளிப் பல்லி தன் தாயகத்தில் பகல் முழுவதும் பாறை வெடிப்பிலும் வளையிலும் கிடக்கும். வெளியே வெயில் கொளுத்தினும் வளைக்குள் ஈரம் தங்கும். அந்த வளையைப் பெட்டியினுள்ளே ஆக்கிக் கொடுத்தல் வேண்டும். வன்னியில் அதற்குக் கடைப்பொருள் எதுவும் தேவையில்லை. சிறு மண்சட்டியொன்றைக் கவிழ்த்து, விளிம்பில் பல்லி நுழையுமளவு வாயில் உடைத்து, கூரிய முனையை மழுக்கி, உள்ளே நனைத்துப் பிழிந்த தென்னந்தும்பை இட்டால் ஈர ஒதுக்கிடம் ஆயிற்று. தும்பைக் கையிலெடுத்து இறுக்கினால் நீர் சொட்டக்கூடாது; தொட்டால் குளிர வேண்டும். பெட்டியின் ஏனைய பகுதி உலர்ந்தே இருக்கலாம். தோல் உரியும் நாளில் பல்லி தானாகவே அதனுள் புகுந்துகொள்ளும். முட்டையிடுவதற்கும் பெண் பல்லி அவ்விடத்தையே நாடும். வீட்டுப் பல்லியின் முட்டை சுண்ணாம்பு ஓடுடையது, சுவர்ப் பொந்திலும் தாங்கும். சிறுத்தைப் புள்ளிப் பல்லியின் முட்டையோ மெல்லிய தோலுடையது, சுற்றியுள்ள ஈரத்தை உறிஞ்சியே வளரும், இன்றேல் சுருங்கிவிடும்.

முன்னமே தோல் ஒட்டிக்கொண்டிருப்பின் அதைப் பிடித்திழுத்தல் தகாது. காற்றுத் துளையுள்ள மூடிய ஏனத்தில், பல்லியின் வயிறளவு வெதுவெதுப்பான நீரில், கால்மணி நேரம் விட்டு, பின்னர் ஈரப் பஞ்சினால் நுனிநோக்கி மெல்ல உருட்டினால் தானே கழலும்.

வளர்ப்பு நூல்கள் பெரும்பாலும் குளிர்நாடுகளில் எழுதப்பட்டவை. வன்னியிலிருந்து புலம்பெயர்ந்தோர் பலர் வாழும் ரொறன்ரோ நகரை எண்ணிப் பார்க்கலாம். தை மாதத்தில் வெளியே வெப்பநிலை பூச்சியத்துக்குக் கீழ் 10 பாகை. அக்காற்றுத் தாங்கும் நீராவி கனமீற்றருக்கு இரண்டு கிராமுக்குச் சற்று மேல். அதை வீட்டினுள் 21 பாகைக்குச் சூடாக்கினால் ஈரப்பதன் நூற்றுக்கு 13க்கு மேற்படாது. ஆகவே அங்குள்ள நூல், ‘நாள்தோறும் நீர் தெளி’ என்று கூறுதல் நியாயமே. அதே வாசகத்தை வற்றாப்பளையில் கார்த்திகை மாதத்தில் கைக்கொண்டால் கேடே விளையும். காற்றே நிறைந்து நிற்கையில் தெளித்த நீர் போக வழியில்லை, கண்ணாடி வியர்க்கும், பூஞ்சணம் பிடிக்கும், பல்லியின் வயிற்றில் கொப்புளமும் மூச்சுத் தொல்லையும் தோன்றும். அப்பருவத்தில் வளர்ப்பவரின் வேலை ஈரத்தைச் சேர்ப்பதன்று, போக்குவதே. மூடியின் ஒரு பகுதியை நுண்வலையாக்கி, பக்கச் சுவரின் தாழ்வான இடத்திலும் வலைச்சாளரம் வைத்தால், சூடான காற்று மேலே போகப் புதுக்காற்றுக் கீழே புகும். மழைக்காட்டுக் கொண்டைப் பல்லிக்கும் மாலையில் தெளித்த நீர் மறுநாள் நண்பகலுக்குள் உலர்ந்துவிடுதல் அவசியம்.

இவையெல்லாம் வளர்ப்பிலே பிறந்த பல்லிக்கே பொருந்தும். வடபுல உலர் காடுகளிற் சருகின் கீழ் வாழும் தரைப்பல்லியொன்றை 1945இல் பி. இ. பி. தெரணியகல விவரித்தார், அத்தகைய காட்டுயிரைப் பிடித்துவந்து பெட்டியிலிட எண்ணுதல் தவறு. இலங்கையின் ஊர்வனவற்றுட் பெரும்பாலானவை 1937ஆம் ஆண்டின் 2ஆம் இலக்கத் தாவர, விலங்கினப் பாதுகாப்புக் கட்டளைச் சட்டத்தின் காப்பிலுள்ளவை. சட்டம் ஒருபுறமிருக்க, சருகும் மரக்கட்டையும் கல்லும் மாறிமாறித் தரும் ஈரத்தை எந்தச் சட்டியும் முழுமையாகத் தந்துவிடாது.

பெட்டியிற் பல்லி வளர்ப்பவருக்கு ஈரமானி உதவும். அதனினும் உதவுவது கைவிரல். மார்கழியில் சட்டியிலிட்ட தும்பு பல நாள் ஈரம் குன்றாது. அப்போது நீர் விடாமல், புளித்த நாற்றம் வருகின்றதா என்று முகர்ந்து பார்த்து மாற்றுதல் வேண்டும். ஆடிக் கச்சானிலோ அதே தும்பு விரைவில் முறுகிவிடும். அப்போது காலையும் மாலையும் தொட்டுப் பார்க்க வேண்டியிருக்கும். ஒவ்வொரு முறை சட்டை கழற்றிய பின்னும், விளக்கொளியில் நான்கு பாதங்களின் 20 விரல்களையும் எண்ணிப் பார்ப்பதற்கு ஐந்து நிமிடம் போதும்.